1,500 கிலோ எருமைக் கடா 'அன்மோல்': இந்த உடம்பு ரத்தத்தில் வந்ததா, தீவனத்தில் வந்ததா?

2024 நவம்பரில் அந்த வீடியோ உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். ஹரியானா மாநிலம் சிர்சாவைச் சேர்ந்த முர்ரா இன எருமைக் கடா. பெயர் அன்மோல். புஷ்கர் சந்தையில் அதைச் சுற்றி நின்று செல்ஃபி எடுக்காத ஆளே இல்லை. எடை 1,500 கிலோ, மதிப்பு 23 கோடி ரூபாய் என்று செய்திகள் ஓடின. தினமும் பாதாம், மாதுளை, 30 வாழைப்பழம், 20 முட்டை என்று அதன் சாப்பாட்டுப் பட்டியலும் கூடவே வந்தது.

23 கோடி என்பது சொல்லப்பட்ட மதிப்பு. கைமாறிய பணம் அல்ல. அதைத் தள்ளிவைத்தாலும், ஒரு கடாவுக்கு இவ்வளவு விலை பேசப்படுவதற்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது: 'அப்பன் இந்த சைஸ்ல இருந்தா கன்னுக்குட்டியும் இந்த சைஸ்ல வரும்'. கடாவின் வருமானமே சினை ஊசிக்கு விற்கப்படும் விந்தில்தான் வருகிறது. ஆகவே இந்த நம்பிக்கை எவ்வளவு உண்மை என்பது கோடிகள் சம்பந்தப்பட்ட கேள்வி.

நீங்கள் சுனாபட்டியிலோ தாராவியிலோ செம்பூரிலோ இருந்தால், இந்தக் கேள்வி உங்கள் வீட்டு டீ டம்ளர் வரைக்கும் வருகிறது. மும்பை தபேலாக்களில் நிற்கும் எருமைகளில் கணிசமானவை அன்மோலின் இனமான முர்ராதான். கூடவே குஜராத்தின் மெஹ்சானா, ஜாஃபராபாதி எருமைகளும் உண்டு. அவற்றின் கன்றுகள் என்ன ஆகின்றன என்பதையும் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். முதலில் ஒரு எண்ணைப் புரிந்துகொள்வோம்.

0.3 என்றால் என்ன?

கால்நடை விஞ்ஞானிகள் இதை ஹெரிடபிலிட்டி என்கிறார்கள். நாம் மரபுப் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதன் மதிப்பு 0-க்கும் 1-க்கும் நடுவில் இருக்கும்.

ஒரே பண்ணையில் ஒரு வயதான 100 கன்றுகள் நிற்கின்றன என்று நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே எடையில் இருக்காது. ஒன்று 130 கிலோ, இன்னொன்று 230 கிலோ. இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பல காரணங்கள்: எந்த மாதம் பிறந்தது, தாய்க்கு எவ்வளவு பால், குடற்புழு, வயிற்றுப்போக்கு, தீவனம். இவற்றோடு பெற்றோரிடமிருந்து வந்த மரபணு வேறுபாடும் ஒரு காரணம். கன்றுகளுக்கு இடையிலான மொத்த வேறுபாட்டில், அடுத்த தலைமுறைக்குக் கடத்தப்படக்கூடிய மரபணு வேறுபாட்டின் பங்கு எவ்வளவு என்பதுதான் மரபுப் பங்கு.

எருமைகளின் உடல் எடைக்கு, பிறந்தபோதும் சரி, ஒரு வயதிலும் சரி, பெரும்பாலான ஆய்வுகளில் இந்த எண் 0.2-லிருந்து 0.4-க்குள் விழுகிறது. பண்ணைக்குப் பண்ணை மாறும். பால் அளவுக்கும் ஏறக்குறைய அதே நிலைதான், கொஞ்சம் கீழே. இரண்டு ஈற்றுக்கு இடைப்பட்ட காலம் போன்ற இனப்பெருக்கக் குணங்களுக்கு 0.1-க்கும் குறைவு. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால், மனிதர்களின் உயரத்துக்கு இது சுமார் 0.8.

எருமை எடை நடுத்தரமான குணம். தேர்ந்தெடுத்து வளர்த்தால் பலன் கிடைக்கும். ஆனால் அப்பனைப் பார்த்ததும் பிள்ளையைச் சொல்லிவிட முடியாது.

எல்லோரும் செய்யும் தவறு

இந்த எண்ணைக் கேட்டதும் மனசு ஒரு தப்பான கணக்குக்குப் போகும். '0.3 என்றால் 30 சதவீதம். அப்படியானால் அன்மோலின் 1,500 கிலோவில் 450 கிலோ ஜீன், மீதி 1,050 கிலோ பாதாம்.'

அப்படி இல்லவே இல்லை. ஒரு தனி விலங்கின் உடம்பை மரபணு பாதி, தீவனம் பாதி என்று கூறு போட முடியாது. தோசைக்கு மாவும் நெருப்பும் வேண்டும். ஒரு தோசையில் எத்தனை சதவீதம் நெருப்பு என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? மரபுப் பங்கு ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றி மட்டுமே பேசும். அதுவும் அந்தக் கூட்டம், அந்தச் சூழல், அந்தக் காலத்துக்கு மட்டும்.

இன்னொரு தவறு, மரபுப் பங்கு அதிகம் என்றால் தீவனத்தால் பிரயோஜனம் இல்லை என்று நினைப்பது. மனித உயரத்தையே எடுங்கள். 0.8 என்ற உயர்ந்த எண் இருந்தும், 1914-லிருந்து 2014-க்குள் தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 20 சென்டிமீட்டர் கூடியது. நூறு ஆண்டில் மரபணு அவ்வளவு மாறிவிடாது. சாப்பாடும் சுகாதாரமும் மாறின. எல்லோருக்கும் சூழல் சேர்ந்து உயர்ந்தால் சராசரி ஏறும். ஆட்களுக்கு இடையிலான வேறுபாட்டில் மரபணுவின் பங்கு அப்படியே இருக்கலாம். எருமைக்கும் இதே விதிதான்.

கன்றுக்கு எவ்வளவு வரும்? போட்டுப் பார்ப்போம்

கால்நடை வளர்ப்பில் ஒரு எளிய சூத்திரம் உண்டு. தேர்ந்தெடுத்த பெற்றோர் சராசரியைவிட எவ்வளவு மேலே இருக்கிறார்களோ, அதை மரபுப் பங்கால் பெருக்கினால், அடுத்த தலைமுறையில் எதிர்பார்க்கக்கூடிய முன்னேற்றம் கிடைக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு. பண்ணையில் ஒரு வயதுக் கன்றுகளின் சராசரி 180 கிலோ. அந்த வயதில் 220 கிலோ இருந்த கடாக்களையும் கிடேரிகளையும் மட்டும் பெற்றோராக வைக்கிறீர்கள். வித்தியாசம் 40 கிலோ. மரபுப் பங்கு 0.3. பெருக்கினால் 12 கிலோ. ஆகவே அடுத்த தலைமுறையின் சராசரி 192 கிலோ. பெற்றோரின் 220 வராது.

கடாவை மட்டும் தேர்ந்தெடுத்து, எருமைகள் சாதாரணமானவை என்றால்? பாதிதான், 6 கிலோ. 'சூப்பர் கடா' ஊசி போட்டுக்கொள்ளும் பெரும்பாலான வீடுகளின் நிலை இதுதான்.

இப்போது அன்மோலுக்கு வருவோம். வளர்ந்த முர்ரா கடாவின் சராசரி எடை சுமார் 550 கிலோ. அன்மோல் அதைவிட 950 கிலோ அதிகம். 0.3-ஆல் பெருக்கி, பாதியாக்கினால் 142 கிலோ. 'அன்மோலின் மகன்கள் சராசரியைவிட 142 கிலோ கூடுதலாக இருப்பார்கள்' என்று ஒரு தலைப்பே போட்டுவிடலாம். நான் போடமாட்டேன். இந்த 0.3 எங்கே அளக்கப்பட்டது? ஏறக்குறைய ஒரே தீவனம் தின்ற பண்ணை எருமைகளிடம். அங்கே எந்தக் கடாவுக்கும் 20 முட்டை கிடைக்கவில்லை. அன்மோலின் கூடுதல் எடையில் எவ்வளவு அதன் தனிப்பட்ட சாப்பாட்டால் வந்தது என்று பிரித்துப் பார்க்க, அதே தீவனத்தில் வளர்ந்த நூறு கடாக்கள் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். இல்லாதபோது 142 என்பது பார்க்க அழகாக இருக்கும் வெறும் எண்.

இந்தச் சிக்கலுக்கு குளோனிங் தீர்வு என்று தோன்றலாம். ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய பால்வள ஆராய்ச்சி நிலையம் 2009-லேயே எருமைக் கன்றை குளோன் செய்துவிட்டது. ஹிசாரில் உள்ள மத்திய எருமை ஆராய்ச்சி நிலையத்தில் 2015-ல் 'ஹிசார் கௌரவ்' பிறந்தது. குளோனில் மரபணு முழுதும் அப்படியே வரும். பாதாம் வராது.

அப்பன் பெயர் தெரியாவிட்டால் கணக்கே இல்லை

இந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் பழைய வழி சுவாரஸ்யமானது. ஒரே கடாவுக்குப் பல எருமைகளிடம் பிறந்த கன்றுகளை எடுத்துக்கொள்வார்கள். அப்பா ஒன்று, அம்மா வேறு வேறு. இவற்றுக்குள் சராசரியாக நான்கில் ஒரு பங்கு மரபணு ஒற்றுமை இருக்கும். இந்த அரைச் சகோதரர்களின் எடை ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்து, அதை நான்கால் பெருக்குவார்கள். ஒப்புமை 0.075 வந்தால், மரபுப் பங்கு 0.3. இப்போது கணினியில் முழு வம்சாவளியையும் ஒரே நேரத்தில் போட்டு அலசுகிறார்கள். அடிப்படை யோசனை மாறவில்லை.

தாய் வழியில் ஏன் பார்ப்பதில்லை? 'தாயைப் போல பிள்ளை' என்று நாம் சொல்வது எருமையில் வேறு காரணத்துக்காகவும் உண்மை. தாய் தன் மரபணுவில் பாதியைத் தருவதோடு நிற்பதில்லை. சுமார் 310 நாள் வயிற்றில் சுமக்கிறது. பிறகு பால் கொடுக்கிறது. கர்ப்பப்பையில் இடமும் மடியில் பாலும் அதிகமுள்ள எருமையின் கன்று கொழுகொழுவென்று இருக்கும். அது கன்றின் சொந்த வளர்ச்சித் திறனா, தாயின் உபயமா என்று குழப்பம் வரும். பிறப்பு எடையிலும் பால் மறக்கும்போது உள்ள எடையிலும் இந்தத் தாய் விளைவு தூக்கலாகத் தெரியும். வயது ஏற ஏற மங்கும். அதனால்தான் கன்றின் சொந்தச் சரக்கைப் பார்க்க நினைப்பவர்கள் ஒரு வயது, ஒன்றரை வயது எடைக்குக் காத்திருக்கிறார்கள்.

அளவெடுப்பதிலும் பிரச்னை உண்டு. ஊரில் எருமையை நிறுத்தும் தராசு யாரிடம் இருக்கிறது? டேப்தான். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, உடல் நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் கிலோ வரும். நீளம் என்பது தோள்மூட்டு முனையிலிருந்து பின்புற இடுப்பெலும்பு முனை வரை. சுற்றளவு 200, நீளம் 140 என்றால் சுமார் 517 கிலோ. எருமை அப்போதுதான் தண்ணீர் குடித்திருந்தாலோ டேப் தளர்ந்திருந்தாலோ எண் தவறும். இப்படிச் சேரும் பிழைகள் எல்லாம் 'சூழல்' கணக்கில் போய் விழும். அதனால் மரபுப் பங்கு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். மோசமாக அளந்தால் நல்ல எருமையும் சுமாராகத்தான் தோன்றும்.

பெரிய உடம்பு நல்லதா?

பால் எருமைக்கு உடம்பு எதற்கு என்று கேட்கலாம். வேகமாக வளர்வது முக்கியம். முதிர்ந்த எடையில் சுமார் 60 சதவீதத்தைத் தொட்ட பிறகுதான் கிடேரி பருவத்துக்கு வரும். முர்ராவில் முதல் ஈற்றுக்கே சுமார் 40 மாதங்களுக்கு மேல் ஆகிறது. அத்தனை மாதமும் செலவு மட்டுமே. சீக்கிரம் வளரும் கிடேரி சீக்கிரம் சினை பிடிக்கும்.

வேகமாக வளர்வதும் பிரம்மாண்டமாக வளர்வதும் ஒன்றல்ல. 600 கிலோ எருமைக்கு, சும்மா உயிரோடு நிற்பதற்கே 450 கிலோ எருமையைவிட ஏறக்குறைய 24 சதவீதம் கூடுதல் தீவன ஆற்றல் வேண்டும். உடல் எடைக்கும் ஆற்றல் தேவைக்கும் உள்ள பொதுவான விதியை வைத்துப் போட்ட கணக்கு இது. பச்சைத் தீவனத்தையும் பிண்ணாக்கையும் காசு கொடுத்து வாங்கும் மும்பைக்காரருக்கு அந்த 24 சதவீதம் தினசரி நஷ்டம், பாலும் அதே அளவு கூடினால் ஒழிய.

நம்ம ஊர்ப் பக்கம் பார்த்தால், ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலை எருமை சிறியது. மலையில் மேய்ந்து, காட்டில் படுத்து வாழும் மாட்டுக்கு முர்ரா உடம்பு சுமைதான். சிறிய இனங்களைக் 'குறை' என்று சொல்லி முர்ரா ஊசி போட்டே தீருவது என்ற போக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. தமிழ்நாட்டில் 2012 கணக்கெடுப்பில் சுமார் 7.8 லட்சமாக இருந்த எருமைகள் 2019-ல் 5.19 லட்சமாகிவிட்டன. நாடு முழுக்க 10.98 கோடி எருமைகள் இருக்கும்போது இது மிகச் சிறிய கூட்டம். இருப்பதையும் கலந்துவிட்டால் பிறகு தேர்ந்தெடுக்க எதுவும் இருக்காது.

மும்பை தபேலாவில் தலைகீழாகும் கணக்கு

1949-ல் ஆரே மில்க் காலனி தொடங்கப்பட்டது, நகரத்துக்குள் நெருக்கியடித்து நின்ற மாடுகளை வெளியே கொண்டுபோகத்தான். சுமார் 1,287 ஹெக்டேரில் 32 பண்ணைகள், 16,000 மாடுகள். அதற்கு வெளியேயும் மேற்குப் புறநகரில் தபேலாக்கள் தொடர்ந்தன.

தபேலாவின் பொருளாதாரம் எளிமையானது. கன்று ஈன்ற, அல்லது ஈனப்போகும் நல்ல கறவை எருமையை ஹரியானாவிலோ குஜராத்திலோ வாங்கி வருவார்கள். பால் இருக்கும்வரை கறப்பார்கள். வற்றியதும், அடுத்த சினை வரை தீனி போட்டு வைத்திருக்க நகரத்து இட வாடகையும் தீவன விலையும் கட்டுப்படியாகாது. விற்றுவிடுவார்கள். வாங்குபவர் பெரும்பாலும் கறிக்காரர். மகாராஷ்டிராவில் 2015 முதல் காளை, எருது வெட்டுவதற்கும் தடை வந்தபோதும் எருமைக்குத் தடையில்லை. செம்பூரை அடுத்த தேவ்னார் இறைச்சிக்கூடத்துக்கு எருமை வருவது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. தோல், தாராவியின் பழைய தொழில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள் கால் ஊன்றிய தொழில்.

கன்று? அது குடிக்கும் ஒவ்வொரு லிட்டரும் விற்காமல் போகும் லிட்டர். சீம்பாலுக்கே இங்கே சந்தை உண்டு. கர்வஸ் என்று வெல்லம், ஏலக்காய் போட்டு ஆவியில் வேகவைத்து விற்கிறார்களே, நீங்களும் சாப்பிட்டிருப்பீர்கள், நானும் விரும்பிச் சாப்பிடுவேன். முதல் நாளில் கன்றுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி தருவது அந்தச் சீம்பால்தான். போதிய பால் கிடைக்காத கடாக்கன்று பல நேரம் சில வாரம்கூடத் தாண்டுவதில்லை. தபேலாக்காரரை வில்லனாக்க வேண்டியதில்லை. லிட்டர் கணக்கில் வாழும் எவரும் இதைத்தான் செய்வார்.

முன்பு எடைக்குப் போட்ட கணக்கை இப்போது பாலுக்குப் போடுவோம். இதுவும் மாதிரிதான். ஒரு கிராமத்தில் 100 எருமை, சராசரி 8 லிட்டர். வியாபாரி மடியையும் உடம்பையும் பார்த்து, 12 லிட்டர் கறக்கும் சிறந்த 20-ஐ மும்பைக்கு ஓட்டிக்கொண்டு போகிறார். மிச்சமுள்ள 80-இன் சராசரி 7 லிட்டர். அடுத்த தலைமுறைக்குத் தாயாகப்போவது இவைதான். தாய் வழியில் இழப்பு 1 லிட்டர். பாலின் மரபுப் பங்கு 0.25 என்று வைத்து, தாய் பங்கு பாதி என்பதால் இரண்டால் வகுத்தால், தலைமுறைக்கு 0.125 லிட்டர் இறக்கம்.

வெறும் 125 மில்லி. சின்னதாகத் தெரியலாம், நல்ல கடாவின் சினை ஊசியால் ஈடுகட்டவும் முடியும். ஆனால் ஈடுகட்டுவதற்கே அந்த ஊசி செலவானால், முன்னேற்றத்துக்கு என்ன மிச்சம்? நல்லதைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குவதற்குப் பதில், நல்லதைத் தேர்ந்தெடுத்து முடித்துவிடுகிறோம். 1970-ல் தொடங்கிய ஆபரேஷன் ஃப்ளட் திட்டத்தின் முதல் கட்ட நோக்கங்களிலேயே நகரத்து மாடுகளைக் கிராமத்துக்குத் திருப்புவதும் இருந்தது. மாட்டை நகரத்துக்குக் கொண்டுவராதே, பாலைக் கொண்டுவா என்பதுதான் யோசனை. இன்று மும்பை குடிக்கும் பாக்கெட் பாலில் பெரும்பகுதி அப்படித்தான் வருகிறது. தபேலா பாலின் கெட்டித்தன்மைக்கு இருக்கும் வாடிக்கையாளர்கள் மட்டும் குறையவில்லை.

சிப் வந்துவிட்டது, எடை எங்கே?

2024 அக்டோபர் 5-ஆம் தேதி மகாராஷ்டிராவின் வாஷிமில் பிரதமர் மோதி 'மகிஷ் சிப்' என்ற மரபணுச் சோதனைச் சிப்பை அறிமுகப்படுத்தினார். எருமைக்கென்று இந்தியாவில் உருவாக்கப்பட்டது. கன்றின் ரத்தத்தையோ முடியையோ சோதித்து, அது வளர்ந்து கறக்கும்வரை காத்திருக்காமல், அதன் மரபுத் தரத்தை மதிப்பிடலாம் என்பது இதன் பயன். முதல் ஈற்றுக்கே மூன்றரை வருடம் ஆகும் பிராணியில் இது பெரிய நேர மிச்சம்.

ஆனால் சிப் தானாக எதையும் சொல்லாது. எந்த மரபணு அடையாளம் உள்ள எருமை எவ்வளவு வளர்ந்தது, எவ்வளவு கறந்தது என்ற பதிவுகள் ஆயிரக்கணக்கில் இருந்தால்தான் அதைக் கற்றுக்கொடுக்க முடியும். வளர்ச்சி பற்றிய நல்ல பதிவுகள் இருப்பது பெரும்பாலும் ஹிசார், கர்னால் போன்ற அரசுப் பண்ணைகளில். பிறந்தபோது, 3 மாதம், 6 மாதம், 12 மாதம் என்று அங்கே நிறுத்து எழுதுகிறார்கள். ஆனால் நாட்டின் எருமைகள் நிற்பது கொல்லையிலும் தபேலாவிலும்.

எருமையின் காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் டேக் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணோடு சினை ஊசி, ஈற்று, தடுப்பூசி எல்லாவற்றையும் இணைக்க ஏற்பாடு இருக்கிறது. அடுத்த முறை யாராவது 'அன்மோல் மாதிரி கடாவோட கன்னு இது' என்று சொல்லி விலை பேசினால் டேக் எண்ணைக் கேளுங்கள். தாய் எது, எந்தக் கடாவின் ஊசி, எந்தத் தேதி, ஒரு வயதில் என்ன எடை என்று கேளுங்கள். கூடவே, அதே கடாவுக்குப் பிறந்த மற்ற கன்றுகள் எப்படி வளர்ந்தன என்றும் கேளுங்கள். கடாவைப் பற்றிக் கடா சொல்வதைவிட அதிகம் சொல்வது அவைதான்.